ஆளுக்கு எத்தனை? வகுத்தல் மணிப்பலகை: ஒரு விமர்சனம்

மான்டிசோரி வகுத்தல் பலகை என்ற பெயரில் விற்கும் பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. வரிசைக்கு 9 வீதம் 9 வரிசையாக 81 குழிகள் உள்ள ஒரு மரப்பலகை, 81 பச்சை மணிகள், சதுரங்கச் சிப்பாய் மாதிரி 9 பச்சை மரக்காய்கள், மணிகளைப் போட்டுக்கொள்ள ஒரு கிண்ணம். சில பெட்டிகளில் கணக்குத் தாள்களும் வரும். வகுத்தலை முதன்முதலாகச் சந்திக்கும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகப் புரியவைக்கும் சாமான் கிடைப்பது அரிது. ஆனால் இது சொல்லித்தருவது வகுத்தலில் ஒரு பாதியை மட்டும்தான். அது தெரியாமல் வாங்கினால், இரண்டு மாதத்தில் பலகை பரணுக்குப் போய்விடும்.

அந்த இரண்டு பாதி என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 24 பென்சிலை 4 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை? இது ஒரு கேள்வி. 24 பென்சில் இருக்கிறது, ஆளுக்கு 4 கொடுத்தால் எத்தனை பேருக்குக் காணும்? இது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் விடை 6. தாளில் இரண்டையும் 24÷4 என்றுதான் எழுதுகிறோம். கையால் செய்யும்போது மட்டும் இரண்டும் வேறு வேலை. முதலாவதில் ஆட்கள் முன்னால் நிற்கிறார்கள், பங்குதான் தெரியாது. இரண்டாவதில் பங்கு தெரியும், ஆட்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி. மணிப்பலகை முதல் கேள்விக்காகச் செய்யப்பட்டது.

பலகையின் மேல் ஓரத்தில் 1 முதல் 9 வரை எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே, மரக்காயை நிறுத்தச் சற்றுப் பெரிய குழி. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மறுபடி 1 முதல் 9 வரை. மேலே இருப்பது ஆட்களின் எண்ணிக்கை, பக்கத்தில் இருப்பது ஆளுக்கு வந்த பங்கு. எல்லாம் பச்சையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மான்டிசோரி சாமான்களில் ஒன்றுகளுக்குப் பச்சை, பத்துகளுக்கு நீலம், நூறுகளுக்குச் சிவப்பு. இந்தப் பலகை ஒன்றுகளோடு நின்றுவிடும்.

வாங்கும்போது ஒரு குழப்பம் வரக்கூடும். இதே தோற்றத்தில் பெருக்கல் பலகையும் உண்டு. அதில் 100 குழி, 100 சிவப்பு மணி, ஒரு சிவப்பு வில்லை; மரக்காய்கள் இருக்காது. படத்தைப் பார்த்து அவசரப்பட்டு வாங்கினால் இரண்டும் மாறிப்போகும். 81 பச்சை மணியும் 9 காயும் இருந்தால்தான் இது வகுத்தல் பலகை.

இப்போது 24ஐ 4ஆல் வகுப்போம். கிண்ணத்தில் 24 மணிகளைப் பிள்ளையே எண்ணிப் போடட்டும். நாம் எண்ணிக் கொடுத்தால், என்ன பிரிக்கிறோம் என்பது பிள்ளையின் மனதில் நிற்காது. பிறகு மேலே 1 முதல் 4 வரையுள்ள இடங்களில் 4 காய்களை நிறுத்த வேண்டும். இவர்கள்தான் ஆட்கள். முதல் வரிசையில் இடமிருந்து வலமாக ஆளுக்கு ஒரு மணி. 4 பேருக்கும் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் இரண்டாம் வரிசை. இப்படியே 6 வரிசை வைத்ததும் கிண்ணம் காலி. கடைசி வரிசைக்கு நேராக இடது ஓரத்தில் 6 என்று இருக்கும். விடை அதுதான்.

இந்த இடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. “விடை என்ன?” என்று கேட்டால் பல பிள்ளைகள் பலகையில் உள்ள எல்லா மணிகளையும் எண்ணி 24 என்பார்கள். இன்னும் சிலர் ஆட்களை எண்ணி 4 என்பார்கள். கவனக்குறைவு என்று கண்டிக்க வேண்டியதில்லை. கூட்டலிலும் பெருக்கலிலும் கடைசியில் எல்லாவற்றையும் எண்ணித்தான் விடை சொன்னார்கள், அதே பழக்கத்தில் இங்கேயும் எண்ணுகிறார்கள். கேள்வியை மாற்றிக் கேட்டால் சரியாகிவிடும். “விடை என்ன” என்று கேட்காமல், முதல் ஆளின் மேல் விரலை வைத்து, “இவனுக்கு எத்தனை வந்தது?” என்று கேளுங்கள். அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். பிறகு அடுத்த ஆளுக்கு எத்தனை என்று கேளுங்கள். எல்லாருக்கும் ஒரே எண் என்பதால் ஒருவனை எண்ணினால் போதும் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். தமிழில் இதற்குக் கைவசம் ஒரு சொல் இருப்பது பெரிய வசதி. “ஆளுக்கு” என்று சொன்ன உடனே விடை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

வேற்றுமை உருபும் கைகொடுக்கும். 24ஐ 4ஆல் வகு என்கிறோம். “ஐ” ஒட்டிய எண் கிண்ணத்துக்குள் போகும், “ஆல்” ஒட்டிய எண் மேலே நிற்கும். பின்னால் நீள்வகுத்தலில் 4)24 என்று சின்ன எண்ணை முன்னால் எழுதும்போது எது எதை வகுக்கிறது என்று பிள்ளைகள் குழம்புவார்கள். கிண்ணம் எது, ஆட்கள் எது என்று கேட்டால் அந்தக் குழப்பம் அதிக நேரம் நிற்காது. வகுபடும் எண், வகுக்கும் எண், ஈவு, மீதி என்ற சொற்களை முதல் வாரம் எடுக்கவே வேண்டாம். கிண்ணம், ஆட்கள், ஆளுக்கு, மிச்சம் என்று பேசிப் பழகிய பிறகு புத்தகச் சொற்களைக் கொண்டுவந்தால் அவை தாமாக ஒட்டிக்கொள்ளும். ÷ குறிக்கும் அவசரமில்லை. அந்தக் குறியை வகுத்தலுக்கு 1659இல் ஜோஹன் ரான் என்ற சுவிஸ் கணித அறிஞர் அச்சில் பயன்படுத்தினார். அதற்கு முன்பும் உலகம் பங்கு போட்டுக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாவது தவறு, மணி வைக்கும் திசையில் வரும். சில பிள்ளைகள் முதல் ஆளுக்கு மேலிருந்து கீழாக மளமளவென்று அடுக்கிவிட்டு, அப்புறம் அடுத்த ஆளுக்கு வருவார்கள். முதல் ஆளுக்கு 9, இரண்டாமவனுக்கு 9, மூன்றாமவனுக்கு 6, நான்காமவனுக்கு ஒன்றுமில்லை. இதைத் தடுக்க வேண்டாம், முடிக்கட்டும். நாலாவது ஆள் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்ததும் பிள்ளையே மணிகளை அள்ளிக் கிண்ணத்தில் போட்டுவிடும். ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஒன்று என்ற ஒழுங்கு ஏன் வேண்டும் என்பதை வாயால் விளக்குவதைவிட இது சுருக்கமான வழி.

மீதி என்பதை விளங்கவைப்பதில் இந்தப் பலகைக்கு ஈடு இல்லை. 26ஐ 4ஆல் வகுத்தால் 6 வரிசை முழுதாக நிரம்பி, கிண்ணத்தில் 2 மணி மிஞ்சும். பிள்ளை அந்த இரண்டையும் ஏழாம் வரிசையில் முதல் இரண்டு ஆட்களுக்கு வைக்கும், கிட்டத்தட்ட நிச்சயமாக. “மூன்றாவது ஆள் என்ன பாவம் செய்தான்?” என்று கேட்டால் போதும். மணிகள் கிண்ணத்துக்குத் திரும்பிவிடும். கிண்ணத்தில் கிடப்பதுதான் மீதி. மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்ற விதியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கிண்ணத்தில் 4 மணி இருந்தால் இன்னொரு சுற்று வைக்கலாம். வைக்கவில்லை என்றால் வேலை முடியவில்லை. 26÷4க்கு “ஈவு 5, மீதி 6” என்று தாளில் எழுதும் பிள்ளையைப் பலகைக்கு அழைத்துவந்து கிண்ணத்தில் 6 மணியைக் காட்டுங்கள், போதும்.

சரிபார்ப்பதும் பலகையிலேயே நடக்கும். 4 நெடுவரிசை, 6 குறுக்குவரிசை, ஒரு செவ்வகம். 4×6=24, கிண்ணத்தில் 2, ஆக 26. இன்னொரு வேலையும் செய்து பார்க்கலாம். காய்களை எடுத்துவிட்டுப் பலகையை மேசைமேல் வைத்தபடியே கால்வட்டம் திருப்புங்கள். அதே மணிகள் இப்போது 6 நெடுவரிசை, 4 குறுக்குவரிசை. 24ஐ 6ஆல் வகுத்தால் 4. பெருக்கல் வாய்ப்பாட்டில் ஒரு வரி தெரிந்தால் இரண்டு வகுத்தல் கணக்கு இலவசம் என்பது கண்ணெதிரே நிற்கும்.

பூஜ்ஜியத்தையும் பலகை தயங்காமல் எடுத்துக்கொள்கிறது. 0÷4 என்றால் 4 பேர் நிற்கிறார்கள், கிண்ணம் காலி. ஆளுக்கு 0. 4÷0 என்றால் கிண்ணத்தில் 4 மணி இருக்கிறது, ஆளே இல்லை. ஆளுக்கு எத்தனை என்று கேட்க ஆள் வேண்டாமா? கேள்விக்கே பொருள் இல்லை, அதனால் விடையும் இல்லை. 3÷5 கொஞ்சம் வேறு மாதிரி. 5 பேர், 3 மணி. ஒரு சுற்றுகூட முழுதாகப் போகாது. ஈவு 0, மீதி 3. இது உப்புச்சப்பில்லாத கணக்காகத் தோன்றும். ஆனால் பெரிய எண்களுக்குப் போகும்போது இந்த “ஒரு சுற்றும் போகாது” என்ற உணர்வு மிகவும் தேவைப்படும்.

சாமானின் தரம்

எல்லாப் பலகையும் ஒரே தரத்தில் வருவதில்லை. முதலில் பார்க்க வேண்டியது குழியின் ஆழம். குழி மேலோட்டமாகச் சுரண்டியது போல இருந்தால் மேசையில் முழங்கை பட்டதும் மணிகள் உருண்டு ஓடும். பாதிக் கணக்கில் மணி ஓடினால் பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவது முறை ஓடினால் பிள்ளை எழுந்துபோய்விடும். மணி வைத்த பலகையை ஒரு பக்கம் விரல் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். மணி அசையாமல் இருந்தால் நல்ல பலகை. அதேபோல மிக ஆழமான குழியும் தொந்தரவுதான். சின்ன விரல்களால் மணியைத் திரும்ப எடுக்க முடியாது, பலகையைக் கவிழ்க்க வேண்டிவரும்.

காய்களின் அடிப்பகுதி குழிக்குள் சரியாக உட்கார வேண்டும். தளர்வாக இருந்தால் கை பட்டு ஆள் விழுவான், விழுந்த ஆள் மணியைக் கலைப்பான். எண்கள் மரத்தில் அச்சிட்டதா, ஸ்டிக்கரா என்று தடவிப் பாருங்கள். ஸ்டிக்கர் சில மாதங்களில் ஓரம் பிரியும். இடது ஓரத்து எண்கள் அழிந்துபோனால் விடையைப் படிக்கும் வசதியே போய்விடும். எண்கள் வரிசைக்கு நேராக இருக்கிறதா என்பதும் முக்கியம். அரைக்குழி அளவு ஏற இறங்க அச்சாகியிருந்தால் 6ஆம் வரிசைக்குப் பக்கத்தில் 7 தெரியும். அப்புறம் நாள் முழுக்கத் தப்பான விடைதான்.

மணிகளை எண்ணிப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பலகை முழுவதையும் நிரப்புங்கள். கடைசிக் குழி காலியாக இருந்தால் ஒரு மணி குறைவு. பெட்டியைத் திரும்ப எடுத்து வைக்கும் முன் தினமும் இப்படி நிரப்பச் சொன்னால், மணி தொலைந்தது அன்றைக்கே தெரிந்துவிடும். உபரியாக ஐந்தாறு மணி கொடுக்கும் பெட்டி கிடைத்தால் நல்லது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் இடத்தில் இந்தப் பெட்டி கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். மணிகள் விழுங்கக்கூடிய அளவுதான்.

பெட்டியோடு வரும் கணக்குத் தாள்களை ஒருமுறை நீங்களே பார்த்துவிடுவது நல்லது. நல்ல தாள்கள் ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு 9 முதல் கீழே இறங்கிவரும். 36ஐ எடுத்துக்கொள்வோம். 9ஆல் வகுத்தால் 4. 8ஆல் வகுத்தால் 4, மீதி 4. 7ஆல் 5, மீதி 1. 6ஆல் 6. 5ஆல் 7, மீதி 1. 4ஆல் 9. இதில் மீதியில்லாமல் வந்தவற்றுக்கு அடிக்கோடு போட்டால் 9, 6, 4 மேலெழுந்து நிற்கும். ஆட்கள் குறையக் குறையப் பங்கு கூடுகிறது என்பதும் தெரியும். அதற்கடுத்த 36÷3 இந்தப் பலகையில் போகாது. ஆளுக்கு 12 வேண்டும், இருப்பதோ 9 வரிசை. தாளில் அப்படிப்பட்ட கணக்கு இருந்தால் பிள்ளை 9 வரிசை வைத்துவிட்டு, கிண்ணத்தில் 9 மணியோடு, “ஈவு 9, மீதி 9” என்று எழுதும். பலகை போதாததைப் பிள்ளை தன் தவறு என்று நினைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட கணக்குகளை முன்கூட்டியே அடித்துவிடுங்கள். விதி சுலபம்: ஈவு 9ஐத் தாண்டும் எதுவும் இந்தப் பலகைக்குரியதல்ல.

பலகை சொல்லாத பாதி

24 மீட்டர் கயிற்றை 4 மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டு? இதைப் பலகையில் வைக்கச் சொன்னால் பிள்ளை விழிக்கும். நியாயமான விழிப்புதான். 4 ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? கயிற்றுக் கணக்கில் ஆளே இல்லை. மணியை வைத்தே செய்வதென்றால் பலகையை ஒதுக்கிவிட்டு, கிண்ணத்திலிருந்து நந்நான்காக எடுத்துத் தனித்தனிக் குவியலாக வைக்கலாம். எத்தனை குவியல் என்பதே விடை.

இந்த வேலைக்குப் பொருத்தமான சாமான் குச்சினேர் கோல்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் குச்சினேர் உருவாக்கியவை. 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து நீளம், நீளத்துக்கொரு நிறம். 1 வெள்ளை, 2 சிவப்பு, 3 இளம்பச்சை, 4 ஊதா, 5 மஞ்சள், 6 கரும்பச்சை, 7 கறுப்பு, 8 பழுப்பு, 9 நீலம், 10 ஆரஞ்சு. இரண்டு ஆரஞ்சும் ஒரு ஊதாவும் சேர்த்து நீளமாக வைத்தால் 24. அதன் கீழே ஊதாக் கோல்களை மட்டும் அடுக்கினால் 6 கோல் சரியாக ஓரம் தொடும். 26 என்றால் இரண்டு ஆரஞ்சும் ஒரு கரும்பச்சையும். கீழே 6 ஊதா போக, ஒரு சிவப்புக்கு இடம் மிச்சம். அந்த இடைவெளிதான் மீதி 2. அந்தச் சிவப்பு ஊதாவில் சரிபாதி என்பதும் கண்ணுக்குத் தெரிவதால், 26÷4 என்பது ஆறரை என்று பின்னால் பின்னத்தில் சொல்லும்போது பிள்ளை மிரளாது.

கோல்களின் பலவீனம் அறுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கோலும் 0.3 மி.மீ. குறைவாக அறுக்கப்பட்டிருந்தால் 24இல் மேலே 3 கோல், கீழே 6 கோல் என்பதால் கிட்டத்தட்ட 1 மி.மீ. இடைவெளி விழும். மீதி இல்லாத கணக்கில் மீதி இருப்பது போலத் தெரியும். வாங்கியதும் 10 வெள்ளையை ஒரு ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓரம் ஒத்துவரவில்லை என்றால் அந்தப் பெட்டி வகுத்தலுக்கு உதவாது, வீடு கட்டி விளையாடத்தான் உதவும். நிறங்கள் மாறியிருக்கும் மலிவான பெட்டிகளையும் தவிர்க்கலாம். பள்ளியில் ஒரு நிறம், வீட்டில் ஒரு நிறம் என்றால் பிள்ளைக்கு இரட்டை வேலை.

இரண்டு கேள்விக்கும் ஏன் ஒரே விடை வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் அது மிக நல்ல கேள்வி. பதில் மணிப்பலகையிலேயே இருக்கிறது. 4 ஆட்களை நிறுத்தி ஒரு சுற்று வைக்கும்போது கிண்ணத்திலிருந்து எத்தனை மணி குறைகிறது? 4. அடுத்த சுற்றில் இன்னொரு 4. 24, 20, 16, 12, 8, 4, 0. ஆக, ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பது என்பதே கிண்ணத்திலிருந்து நந்நான்காக எடுப்பதுதான். நெடுவரிசையாகப் பார்த்தால் ஆளின் பங்கு, குறுக்குவரிசையாகப் பார்த்தால் நாலு நாலு மணிக் கூட்டம். இந்த ஒரு பார்வை மாற்றத்தைச் சொல்லித்தரும் கையேடு எந்தப் பெட்டியோடு வந்தாலும் அந்தப் பெட்டிக்கே முதலிடம் கொடுக்கலாம்.

மீதியை என்ன செய்வது என்பதைப் பலகையும் சொல்லாது, கோலும் சொல்லாது. 26 பேர் போக வேண்டும், ஒரு வண்டியில் 4 பேர் என்றால் 7 வண்டி வேண்டும். 26 மீட்டர் கயிற்றில் 4 மீட்டர் துண்டு 6தான் கிடைக்கும். எண்கள் ஒன்றே, விடை வேறு. இதற்குச் சாமான் இல்லை. கணக்கைக் கதையோடு சொல்லிப் பேசத்தான் வேண்டும்.

பெரிய எண்கள் வந்தால்

மூன்று இலக்க எண்களுக்குப் பத்தடிமானக் கட்டைகள் வேண்டும். சிறு கனசதுரம் 1, நீளக் கட்டை 10, தட்டையான சதுரம் 100. 432ஐ 3ஆல் வகுப்போம். மேசையில் 3 தாள்களை விரித்து ஆட்களாக வைத்துக்கொள்ளலாம். 4 நூறு, 3 பத்து, 2 ஒன்று. முதலில் நூறுகள்: ஆளுக்கு 1, மிச்சம் 1. அந்த ஒரு நூறைச் சில்லறை மாற்றினால் 10 பத்து. ஏற்கெனவே உள்ள 3உம் சேர்ந்து 13 பத்து. ஆளுக்கு 4, மிச்சம் 1. அதையும் மாற்றினால் 10 ஒன்று, 2உம் சேர்ந்து 12. ஆளுக்கு 4. விடை 144.

நீள்வகுத்தலில் “அடுத்த இலக்கத்தை இறக்கு” என்று சொல்வது இந்தச் சில்லறை மாற்றலைத்தான். மிச்சம் 1க்குப் பக்கத்தில் 3ஐ இறக்கினால் 13 ஆவது மந்திரம் இல்லை. 1 நூறு 10 பத்தாகி, இருந்த 3 பத்தோடு சேர்ந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றையும் வலது ஓரத்திலிருந்து தொடங்கிய பிள்ளை, வகுத்தலை மட்டும் ஏன் இடமிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும். ஒன்றுகளிலிருந்து தொடங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 2 ஒன்றை 3 பேருக்குக் கொடுக்க முடியாது, ஒதுக்கி வைக்க வேண்டும். 3 பத்தைக் கொடுத்து முடித்த பிறகு நூறிலிருந்து 10 பத்து வரும், மறுபடி பத்துகளுக்குத் திரும்பிவர வேண்டும். விடை தப்பாது, ஆனால் ஒரே இடத்துக்கு இரண்டு நடை.

நீள்வகுத்தலில் அதிகம் நடக்கும் தவறு ஈவில் 0ஐ விடுவது. 612÷6 என்றால் 12 என்று எழுதிவிடுவார்கள். கட்டையில் செய்தால் 6 நூறு, ஆளுக்கு 1. பத்து ஒன்றே ஒன்று, 6 பேருக்கு ஒரு சுற்றும் போகாது. ஆளுக்குப் பத்து 0. அதைச் சில்லறை மாற்றினால் 10 ஒன்று, 2 சேர்ந்து 12, ஆளுக்கு 2. ஒவ்வொருவர் தாளிலும் ஒரு பெரிய சதுரமும் 2 சிறு கட்டையும் இருக்கும். பெரிய சதுரம் கண்முன்னே இருக்கும்போது யாரும் அதை 12 என்று சொல்லமாட்டார்கள். பலகையில் 3÷5 செய்து பார்த்த பிள்ளைக்கு இந்த 0 புதிதும் அல்ல.

கட்டைப் பெட்டி வாங்கும்போது எண்ணிக்கைதான் கவனிக்க வேண்டியது. படத்தில் நிறையத் தெரியும், கணக்கு நடுவில் பத்துகள் தீர்ந்துபோகும். எத்தனை வேண்டும் என்று முன்பே கணக்கிடலாம். வகுக்கும் எண்ணைப் பத்தால் பெருக்கி 1 கழித்தால், ஒரே நேரத்தில் மேசையில் தேவைப்படும் பத்துகளின் உச்ச எண்ணிக்கை வரும். ஒன்றுகளுக்கும் அதே எண்ணிக்கைதான். 4ஆல் வகுப்பதற்கு 39. 9ஆல் வகுப்பதற்கு 89, எடுத்துக்காட்டாக 899÷9இல் 8 நூறு அப்படியே மிஞ்சி, 80 பத்தாக மாறி, இருக்கும் 9 பத்தோடு சேரும். ஆகவே 40 பத்து, 40 ஒன்று, 9 நூறு உள்ள பெட்டி 2, 3, 4ஆல் வகுக்கும் எல்லா மூன்று இலக்கக் கணக்குக்கும் போதும். அதற்குமேல் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை. அதற்குள் முறை புரிந்திருக்கும், தாளுக்கு மாறிவிடலாம்.

மான்டிசோரி வரிசையிலேயே இதற்குச் சோதனைக்குழாய்ப் பெட்டி என்று ஒன்று உண்டு. 7 தாங்கி, தாங்கிக்கு 10 குழாய், குழாய்க்கு 10 மணி, மொத்தம் 700 மணி. பத்து லட்சம் வரையுள்ள எண்களையும் வகுக்கலாம். வகுப்பறைக்கு அருமையான சாமான். ஒரே ஒரு பிள்ளைக்காக வாங்குவது மிகை.

திரையில் வரும் மணிப்பலகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொத்தானைத் தொட்டால் மணிகள் தாமாகப் பறந்துபோய் வரிசையில் உட்காரும் வகை பார்க்க அழகு, படிப்புக்குப் பயனில்லை. இன்னொரு சுற்று போகுமா, போகாதா என்று தீர்மானிப்பதுதான் வகுத்தல். அதைச் செயலி செய்துவிட்டால் பிள்ளைக்கு வேடிக்கை பார்க்கும் வேலைதான் மிஞ்சும். ஒவ்வொரு மணியையும் விரலால் இழுத்து வைக்கவேண்டிய செயலி என்றால் பரவாயில்லை.

பலகை வாங்க முடியாதவர்கள் ஒரு ஏ4 தாளில் 2 செ.மீ. சதுரமாக 9க்கு 9 கட்டம் போடலாம். 18 செ.மீ. அகலம் வரும், மேலேயும் இடது பக்கமும் எண் எழுத இடம் இருக்கும். மணிக்குப் பதில் தட்டையான சட்டைப் பொத்தான்கள். உருண்டையானது எதுவும் தாளில் நிற்காது. காய்களுக்குப் பதில் பேனா மூடிகள். மரப்பலகை தரும் பாடத்தில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். மணி உருளாமல் உட்காரும் குழிகளும், தினமும் எடுத்து வைக்கத் தூண்டும் அழகும்தான் மரப்பலகையின் கூடுதல் மதிப்பு.

பலகை எப்போது தேவை, எப்போது தேவையில்லை? 81 வரை தடுமாறாமல் எண்ணத் தெரியாத பிள்ளைக்கு இன்னும் நேரம் வரவில்லை. பெருக்கல் என்பது அதே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டுவது என்று தெரிந்திருந்தால் போதும், வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு கணக்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எண்ணி எடுத்து, வைத்து, திரும்ப அள்ள நேரம் பிடிக்கும். கிண்ணத்தில் 35 மணியை எண்ணிப் போட்டு, 5 ஆட்களை நிறுத்திவிட்டு, முதல் மணியைக் கையில் எடுக்கும் முன்பே பிள்ளை “ஏழு” என்று சொல்லத் தொடங்கினால் பலகையைப் பெட்டியில் வைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். கொடுக்கும் முன் ஒருமுறை முழுதாக நிரப்பி, 81ஆவது குழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.